சுவக்கினின் புழுகுக்கு ஒரு சிட்டிகை உப்பு

சுவக்கினைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி றஞ்சனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீங்களோ? அந்த மனிசன் வாயைத் திறந்தாலே உங்களுக்குப் பத்திக்கொண்டு வருமே."

வரும்தான். மறைக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்தில் இருந்து, பிரதம லிகிதராக ஓய்வுபெற்றவன் நான். ஒரு திகதி பிழைத்தாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்பிய ஆள். எனக்குப் புழுகு ஆகாது. சுவக்கினுக்கோ மூச்சு விடுவதும் புழுகுவதும் ஒன்றுதான்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பதைத் தொடுகிறது. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓரறை வீட்டில், பிறந்தவர். இப்போது மனைவி டொரதியோடு பேராதனையில் வாடகை வீட்டில் இருக்கிறார். பச்சை ஓட்டோ, கண்ணாடிக்கு மேலே அந்தோனியார் படம், எந்த மழையிலும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கண்டியில், ஹந்தானை மலைச்சரிவில் எங்களுக்கு நாலறை விருந்தினர் விடுதி ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து உத்தியோகத்துக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள் நாங்கள். சரிவின் அடியில்தான் சுவக்கின் ஓட்டோவை நிறுத்தியிருப்பார். எங்களிடம் தங்கும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவார்.

காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. தேயிலைச் செடிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்வதில்லை, ஏனென்றால் அவற்றுக்கும் லீவு என்பார். தான் பிறந்த அன்று தொழிற்சாலைச் சங்கு யாரும் தொடாமலே மூன்று தரம் ஊதியது என்பார். குரங்குகளைச் சிங்களத்தில் ஏசினால் கேட்காது, தமிழில் ஏசினால்தான் மரத்தை விட்டு இறங்கும் என்று ஒரு பிரெஞ்சுக்காரிக்குச் சொல்லி, "போடா எருமை" என்று பழக்கியும் விட்டார். அந்தப் பெண் எங்கள் முற்றத்தில் நின்று அதைச் சொல்ல, கொய்யா மரத்துக் குரங்கு உண்மையிலேயே இறங்கிப் போனது. அன்றைக்குக் குரங்கும் சுவக்கின் பக்கம் சேர்ந்துகொண்டது.

எல்லாம் இங்கிலீசில்தான். எழுத வாசிக்கத் தெரியாது. ரோட்டில் பழகிய இங்கிலீசு, ஆனால் தடங்கல் இல்லாமல் ஓடும். நான் விறாந்தைக் கதிரையில் இருந்து கேட்டுக் கேட்டுப் பல்லைக் கடிப்பேன்.

உல்லாசப் பயணிகளை ஏற்றுகிற ஓட்டோக்காரர்களிடம் ஒரு கொப்பி இருக்கும். ஏறியவர்கள் இறங்கும்போது அதில் நாலு வரி நல்ல வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அடுத்து வருகிறவர் அதை வாசித்துவிட்டு நம்பி ஏறுவார். ஜப்பானியத்தில் இருக்கும், ரஷ்யனில் இருக்கும். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஓட்டோக்காரர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிவார். சுவக்கினுடையது தடித்த அட்டைக் கொப்பி. பைபிளுக்குப் போடுவதுபோல் உறை வேறு போட்டிருந்தார்.

அதன் முதற்பக்கத்தை நான் வாசித்தது தற்செயலாக. மான்செஸ்டரில் இருந்து வந்த ஒரு தம்பதி, ஓட்டோவை விட்டு இறங்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் ஒரு சின்னக் கடதாசிச் சுருள் இருந்தது. உள்ளே உப்பு.

"இதென்ன காணும் உப்பு?" என்று கேட்டேன்.

"கஸ்டமர் கேட்டதுங்க சேர்," என்றார் சுவக்கின். "கொப்பியில எழுதியே குடுத்திருக்காரு. பாருங்க."

கிரஹாம் என்ற ஆங்கிலேயர் ஒருவர் ஆறு வருடத்துக்கு முன்பு எழுதியது. முத்து முத்தான கையெழுத்து. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இப்படி வரும்: "சுவக்கின் கழுதையின் பின்னங்கால் கழன்று விழும்வரை பேசுவார். அவர் சொல்வது ஒவ்வொன்றையும் ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தோட்டத்துப் பாதையில் கூட்டிப் போவார். ஏறியதற்காக வருத்தப்பட மாட்டீர்கள்."

இங்கிலீசில் பழகியவனுக்கு இதில் ஒளிவு மறைவே இல்லை. முதல் வரி, ஆள் உன் தலையைத் தின்பான் என்கிறது. இரண்டாவது, சொல்வதை அப்படியே நம்பிவிடாதே என்கிறது. மூன்றாவது, நன்றாக ஏமாற்றுவான் என்கிறது. அங்கே உப்பும் இல்லை, தோட்டமும் இல்லை, கழுதையும் இல்லை.

சுவக்கினோ கொப்பியைக் கலஹாவில் யாரோ ஒரு மாஸ்டரிடம் கொண்டுபோயிருக்கிறார். அந்த மாஸ்டர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்துக் கொடுத்திருக்கிறார். அதைச் சுவக்கின் பாராட்டு என்று எடுக்கவில்லை. வாடிக்கையாளர் தேவைப்பட்டியல் எழுதித் தந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். ஒரு பெரிய மனிதர் உப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், கொடுப்பதுதானே மரியாதை. அன்றிலிருந்து டொரதி காலையில் கொய்யாக்காய் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து சுருள் சுருளாக மடித்துக் கொடுப்பாள். ஒவ்வொரு கதை முடிந்ததும் சுவக்கின் பின்பக்கம் திரும்பி, மிகவும் பணிவாகக் கொய்யாத் துண்டோடு ஒரு சிட்டிகை உப்பை நீட்டுவார். பிறகு தோட்டத்துப் பாதை. இங்கே தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம்தானே, கலஹா ரோட்டில் ஏறித் தேயிலைக்குள் விட்டுவிடுவார்.

"கழுதைக்குத்தாங்க சேர் வழியில்ல," என்றார் உண்மையான கவலையோடு. "மன்னாருக்குப் போனாத்தான் கழுதை. கண்டியில எங்கங்க தேடுறது?"

வெள்ளைக்காரன் சிரிக்காமல் என்ன செய்வான். முதற்பக்கத்தை வாசித்துவிட்டு ஏறுகிறான். புழுகைக் கேட்கிறான். புழுகு முடிந்ததும் புழுகினவரே உப்பை நீட்டுகிறார். கொப்பி நிறைந்தது. பக்கத்துக்குப் பக்கம் உப்பைப் பற்றி ஒரு வரி இருந்தது.

நான் றஞ்சனாவிடம் வந்து பொரிந்து தள்ளினேன். "ஆளை வைச்சு நக்கலடிக்கிறாங்கள். அது விளங்காமல் இந்த மனிசன் உப்பு மடிச்சுக்கொண்டு திரியுது."

"அது வெள்ளைக்காரன்ர பாஷை," என்றாள் அவள். "நாங்கள் வெள்ளைக்காரனுக்கு, 'இவர் நல்லாக் காதில பூச் சுத்துவார்' எண்டு எழுதிக் குடுத்தால், அவனும் பூக்கடை தேடித்தான் போயிருப்பான். விடுங்கோ."

விட்டேன். ஒரு வருடம் பேசாமல் இருந்தேன்.

பிறகு போனில் ஓட்டோ கூப்பிடுகிற காலம் வந்தது. விரலால் தட்டினால் ஐந்து நிமிடத்தில் பிரதீஸ் என்ற இளந்தாரி காதில் வயரோடு வந்து நிற்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். போன் சொல்லும் வழியில் போய் இறக்கிவிடுவான். கொப்பியைத் திறந்து பார்க்க ஆளில்லாமல் போனது. சுவக்கின் ஓட்டோவை ஒரே நாளில் மூன்று தரம் கழுவத் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் லண்டனில் உள்ள ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் இருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. கண்டிக்கு வரும் தங்கள் விருந்தினர்களை வருடம் முழுக்க எங்களிடம் அனுப்ப யோசிக்கிறார்களாம். அவர்களை ஏற்றி இறக்க நிரந்தரமாக ஒரே ஒரு சாரதி வேண்டுமாம். நாங்கள் ஒருவரைச் சிபாரிசு செய்யலாம். எலனோர் என்ற அதிகாரி வந்து, அந்தச் சாரதியோடு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

எப்படியோ கேள்விப்பட்டு மறுநாளே டொரதி வந்தாள். கதிரையைக் காட்டினால் உட்காரவில்லை.

"சேர், இதுவும் இல்லைன்னா ஓட்டோவ வித்துட்டுக் கொழும்புக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போறேங்கிறாரு," என்றாள். "கேட்டுல பன்னெண்டு மணித்தியாலம் வாயை மூடிக்கிட்டு நிக்கணும்ங்க. இந்த மனுசனால முடியுங்களா? செத்துப் போயிருவாரு."

சுவக்கினையே சிபாரிசு செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் போன பிறகுதான் யோசித்தேன். எலனோர் அந்த முதற்பக்கத்தைத் திறந்தால் என்ன ஆகும்? நான் சிபாரிசு செய்த சாரதி தானே உப்பை நீட்டி, தான் பொய்யன் என்று ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? ஆளுக்கு விளக்கத்தைச் சொல்லி, அந்தப் பக்கத்தைக் கிழிக்க வைத்து, உப்பையும் புழுகையும் ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

"சொல்லாதேங்கோ," என்றாள் றஞ்சனா. "நாயைப் படுக்க விட்ட ஆள்தானே நீங்கள். உங்களுக்கு ஆர் வந்து விளக்கஞ் சொன்னது?"

இந்தக் கதையை அவள் இருபது வருடமாக வைத்து என்னை அறுக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு இருபத்திரண்டு வயது, பழைய கோப்பு ஒன்றில் மேலதிகாரி இங்கிலீசில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். உறங்கும் நாய்களைப் படுக்க விடு என்று இருந்தது. கிடக்கிற பிரச்சினையைக் கிளறாதே என்பது அதன் கருத்து. நான் நேரே போய், அலுவலகப் படிக்குக் கீழே படுத்திருந்த நாயை இனித் துரத்தக்கூடாது, மேலிடத்து உத்தரவு என்று காவலாளியிடம் சொல்லிவிட்டேன். அந்த நாய் பதினொரு வருடம் அங்கே படுத்திருந்தது. அதை உதைத்து எழுப்ப ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

சரி, அது வேறு, இது வேறு என்று றஞ்சனாவின் வாயை அடக்கிவிட்டுச் சுவக்கினைக் கூப்பிட்டேன். விறாந்தையில் இருத்தி வைத்து வரி வரியாக விளக்கினேன். கழுதை என்றால் என்ன, உப்பு என்றால் என்ன, தோட்டத்துப் பாதை என்றால் என்ன என்று ஒன்றும் விடவில்லை. நன்றாகவே விளக்கினேன், அந்தப் பெருமையும் எனக்குள் இருந்தது. அவர் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவுங்க சிரிச்சது கொய்யாவுக்கு இல்லைங்களா சேர்?"

"இல்லை காணும்."

"ஏழு வருசமா நானே என் கையால, 'நான் பொய்யன், வாசிங்க'ன்னு நீட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்துவிட்டார். "தேங்ஸ்ங்க சேர். நீங்களாவது சொன்னீங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பக்கத்தைக் கிழிக்கவில்லை. கொப்பியையே எங்கள் மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். 

அடுத்த நாளில் இருந்து வேறொரு சுவக்கின். ஒல்லாந்துத் தம்பதி ஒன்றைப் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்த அந்தப் பெண் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "உங்கள் சாரதி வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டாள். விசாரித்துப் பார்த்தால், இரண்டு மணித்தியாலத்தில் மூன்றே வசனம் பேசியிருக்கிறார். இது மரம். அதுவும் மரம். வந்துவிட்டோம்.

"ஒரு மனிசன்ர வாயை அடைச்சுப்போட்டீங்கள்," என்றாள் றஞ்சனா. "இப்ப எல்லாம் பிழையில்லாமல் இருக்குதுதானே. சந்தோசமோ?"

சந்தோசம் எங்கே. சரிவின் அடியில் இருந்து வரும் அந்தக் குரல் இல்லாமல் எனக்குக் காலைப் பத்திரிகையே ருசிக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்ல மனம் வளையவில்லை. லிகிதர் புத்தி.

எலனோர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். நாற்பது வயது, ஒட்ட வெட்டிய முடி, கையில் குறிப்புப் புத்தகம், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் முகம். கலஹாவரை போய்வர வேண்டும் என்றார். நானும் தொற்றிக்கொண்டேன்.

பேராதனையில் திரும்பி, பல்கலைக்கழகத்தைத் தாண்டி, கலஹா ரோட்டில் ஏறும்வரை சுவக்கின் வாயைத் திறக்கவில்லை. அது என்ன மரம் என்று எலனோர் கேட்டார். "பெரிய மரம், மெடம்." இந்த ரோட் எப்போது போட்டது என்று கேட்டார். "முந்தி, மெடம்." குறிப்புப் புத்தகத்தில் ஒரு கோடு விழுந்தது. எட்டிப் பார்த்தேன். அதில் பிரதீஸின் பெயர் ஏற்கெனவே இருந்தது. புகையிரத நிலையத்தில் இருந்து அவர் வந்தது அவனுடைய ஓட்டோவில்.

இப்படியே போனால் வேலை அவனுக்குத்தான். யாராவது ஏதாவது பேசியாக வேண்டும். முன்னால் ஒரு வளைவில் பருத்த மரம் ஒன்று தெரிந்தது. தெரிந்தே, துணிந்து, வாய்விட்டு ஒரு பொய் சொன்னேன்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு," என்று இங்கிலீசில் தொடங்கினேன், "இந்த ரோட்டைப் போட்ட எஞ்சினியர் இந்த மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதார்."

"ஏன்?" என்றார் எலனோர்.

ஏன் என்று நான் யோசித்திருக்கவில்லை. "இடமாற்றம்," என்றேன்.

"எங்கே?"

"அது சரியாகத் தெரியாது."

ஓட்டோ குலுங்கி நின்றது. சுவக்கின் திரும்பி என்னைப் பார்த்தார். பிழைவிட்ட இளைய லிகிதர்களை முப்பது வருடமாக நான் பார்த்த பார்வை அது.

"சேர்," என்றார் தமிழில், மெல்ல. "பொய்க்கும் ஒரு ஒழுங்கு இருக்குங்க. இப்படியா அநியாயம் பண்றது?"

பிறகு இங்கிலீசுக்கு மாறினார். "மெடம், சேருக்கு வெட்கம். முழுக்கதையையும் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்."

எஞ்சினியருக்கு மாற்றம் புத்தளத்துக்காம். ரோட் முடிகிற அன்று கிளம்ப வேண்டும். அவருக்கு இந்த மலையை விட மனம் இல்லை. முக்கியமாக, கலஹாவில் ஒரு பேக்கரிக்காரி சுட்ட பட்டர்ப் பணிஸை விட மனம் இல்லை. அதனால் நேராகப் போக வேண்டிய ரோட்டை வளைத்தாராம். ஒரு வளைவுக்கு ஒரு மாதம். மேலதிகாரி விளக்கம் கேட்டால், குறுக்கே பாறை என்று எழுதுவாராம். "இல்லையென்றால் மெடம், இந்தச் சின்ன மலைக்கு இத்தனை வளைவு எதற்கு? ஒவ்வொன்றும் அந்த மனிதர் சாப்பிட்ட ஒரு மாதத்துப் பணிஸ்." கடைசி நாளில் அவர் அழுத கண்ணீரைக் குடித்துத்தான் மரம் இந்தப் பருமனுக்கு வந்ததாம்.

எலனோரின் உதட்டோரம் இளகியது. பிறகு அவரே வளைவுகளை எண்ணத் தொடங்கினார். சுவக்கின் வளைவுக்கு வளைவு மாதத்தைச் சொன்னார், பெய்த மழையைச் சொன்னார், பேக்கரிக்காரியின் புருஷனுக்குச் சந்தேகம் வந்ததைச் சொன்னார். பதினாறாவது வளைவில் எலனோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். 

கலஹாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். எலனோர் மலையைப் படம் எடுக்கத் தள்ளிப் போனார். நான் பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அண்டைக்கு உம்மட மனசை நோகடிச்சுப்போட்டன். அது என்ர பிழை. ஆனா ஒண்டு சொல்லும். ஏன் காணும் இப்பிடிப் புழுகிறீர்? உண்மையிலயே சொல்ல எவ்வளவோ கிடக்கு."

சுவக்கின் தேயிலைக்கு நடுவே தெரிந்த லயம் ஒன்றைக் காட்டினார். தகரக் கூரை, பறக்காமல் இருக்க மேலே கல் வைத்திருந்தது.

"அந்த மாதிரி எடந்தாங்க நான் பொறந்தது. ஓட்டோ எடுத்த புதுசுல உண்மையத்தான் சொன்னேன். ஒரே காம்பராவுல ஒம்பது பேரு படுப்போம், மழை பேஞ்சா ஒழுகும், அம்மா கொழுந்து மூட்டையோட வழுக்கி விழுந்து காலு போச்சு. எல்லாம் சொன்னேன். வெள்ளைக்காரங்க அழுதாங்க. பழைய சட்டை குடுத்தாங்க. பெறகு என் மொகத்தைப் பாக்கலைங்க. திரும்புற வழி பூரா வெளியவே பாத்துக்கிட்டு வந்தாங்க."

தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார்.

"பொய் சொன்னா சிரிக்கிறாங்க சேர். சிரிக்கிறவங்க கூட சமமா ஒக்காந்து பேசலாம். பாவம் பாக்குறவங்க கூட முடியாதுங்க."

நான் ஏதாவது சொல்வதற்குள் எலனோர் திரும்பி வந்துவிட்டார். முகத்தில் இருந்த சிரிப்புப் போய், அதிகாரி வந்திருந்தார். எனக்கு நேரே நின்றார்.

"உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் விருந்தினர்களுக்குப் பொய்த் தகவல் சொல்கிற சாரதியை நான் வைக்க முடியாது, அது நிறுவனத்தின் விதி. நீங்கள் அரசாங்க உத்தியோகத்தராக இருந்தவர். உங்கள் வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். அந்த எஞ்சினியர் கதை உண்மையா?"

சுவக்கினின் தலை குனிந்தது. "மெடம்," என்று தொடங்கினார். ஒப்புக்கொள்ளத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"உண்மை," என்றேன் நான்.

குரல் தடுமாறவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்தக் கோப்பு என் மேசைக்கே ஒருமுறை வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில். எல்லாவற்றிலும் பாறை என்றுதான் எழுதியிருந்தார். கடைசிப் பதிலில் மட்டும் பட்டர்க் கறை இருந்தது."

எலனோர் நம்பினாரா, நம்பாமலே எழுதிக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குறிப்புப் புத்தகத்தில் பிரதீஸின் பெயரை வெட்டினார். அடுத்த மாதம் முதலாம் திகதி ஆட்கள் வருவார்கள், தயாராக இருங்கள் என்று சுவக்கினிடம் சொன்னார். சுவக்கினின் தேத்தண்ணி அந்த வெள்ளைச் சட்டையில் சிந்தியது. அவர் கவனிக்கவே இல்லை.

எலனோர் பேனையோடு மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"அந்த எஞ்சினியரின் பெயர் என்ன?"

சுவக்கின் என்னைப் பார்த்தார். நான் பெயரைச் சொன்னேன். எழுதும்போது பிழை வந்துவிடக்கூடாது என்று, எழுத்தெழுத்தாகவும் சொல்லிக்கொடுத்தேன்.